தகரத்துக்குப் பயந்து மறைத்த காய்ச்சல்

கொரோனா பரவிய 2020 ஜூன் மாதம் சென்னை ராயபுரம் பக்கம் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் தெர்மல் ஸ்கேனர், பையில் ஆக்சிமீட்டர். கேஸ் ஏன் ஏறுது என்பதற்கு வாசலுக்கு வாசல் ஒரு பதில் கிடைத்தது.

"நீங்க டெஸ்ட் எடுக்கறதாலதான்மா ஏறுது. எடுக்காம விட்டா ஒண்ணும் இல்ல" என்று ஓர் அண்ணன் மாடிப்படியிலேயே மடக்கினார். நூறு பேருக்கு எடுத்தால் எத்தனை பேருக்கு வருகிறது என்று பாருங்கண்ணா என்றேன். டெஸ்ட் கூடக் கூட அந்த விகிதம் இறங்கினால் நீங்கள் சொல்வது சரி. அதுவும் சேர்ந்து ஏறினால் நோய் நிஜமாகவே பரவுகிறது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆட்டோ ஓட்டுகிற இன்னொருவருக்கு எல்லாப் பழியும் கோயம்பேடு மார்க்கெட்டின் மேல்தான். அதில் உண்மை இருந்தது. ஏப்ரல் 26 முதல் 4 நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும் 25ஆம் தேதி காய்கறி வாங்க ஊரே திரண்டது. மே 5இல் மார்க்கெட்டை மூடும்போது அங்கே மூட்டை தூக்கியவர்கள் பலர் கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று சொந்த ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். ஆனால் மார்க்கெட் மூடி ஒரு மாதம் கழித்தும் எங்கள் தெருவில் ஏறிக்கொண்டுதானே இருந்தது?

அதற்கான பதில் எனக்கு ஒரு பாட்டி வீட்டில் கிடைத்தது. 3 நாளாகப் போகிறேன், 3 நாளும் "எல்லாரும் நல்லா கீறோம்" என்று கதவைப் பாதி திறந்தே அனுப்பினார். நாலாம் நாள் உள்ளேயிருந்து இருமல் கேட்டது. உட்கார்ந்து பேசினேன். கொரோனா வந்த வீட்டு வாசலை அப்போது தகரம் வைத்து அடைத்துவிடுவார்கள். பாட்டி மெதுவாகச் சொன்னார்: "மருமவ இட்லி சுட்டு விக்குது கண்ணு. வாசல்ல தகரம் அடிச்சிட்டா யார் வாங்குவாங்க? காய்ச்சல் மாத்திரை போட்டுக்கினு படுத்துனு கீறேன்."

அந்த மாடியில் 6 வீடுகளுக்கு ஒரே கழிப்பறை. ஒரே அறையில் 5 பேர் தூக்கம். கொசுவுக்காக ஜன்னலை இறுக்கி மூடிவைத்திருந்தார்கள். அந்த வாரம் அதே மாடியில் இன்னும் 4 பேருக்கு பாசிட்டிவ் வந்தது. பாட்டியைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. நோயைவிடத் தகரத்துக்குத்தான் அவர் பயந்தார். அந்தப் பயம்தான் நோய்க்கு 3 நாள் இடம் கொடுத்தது.

இன்னொன்றும் சொல்லணும். அறிகுறி தெரிவதற்கு 2 நாள் முன்பே ஒருவரிடமிருந்து இது பரவும். அந்த ஆளை என் கையிலிருந்த ஸ்கேனர் காட்டாது. நாங்களோ தெருத் தெருவாக பிளீச்சிங் பவுடர் போட்டோம், கதவுக் கைப்பிடியைத் துடைக்கச் சொன்னோம். மூடிய அறையின் காற்றைப் பற்றி எங்களுக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்ற ஒரு வார்த்தையை நான் வாசலுக்கு வாசல் சொல்லியிருக்கணும். அது இன்னும் உறுத்துகிறது.

2021 மே மாதம் வந்தது இதைவிட மோசம். 21ஆம் தேதி மட்டும் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. தேர்தல் கூட்டம்தான் காரணம் என்று ஒரு பக்கம், கல்யாண மண்டபம்தான் என்று ஒரு பக்கம் சண்டை. கூட்டம் சேர்ந்ததும் உண்மை, வேகமாகத் தொற்றும் டெல்டா வகைக் கொரோனா வந்து சேர்ந்ததும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க முடியாது.

அந்த மே மாதம் ஒரு காலையில் பாட்டியே போன் செய்தார். எங்கள் தெருவில் தகரம் அடிப்பது அப்போது நின்றிருந்தது. "ராத்திரிலேர்ந்து ஜுரமா கீது கண்ணு, வந்து பாரு. ஜன்னலத் தொறந்துதான் வெச்சிக்கிறேன்."