மறு: ‘டேர்ட்டி செக்கிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

ஹட்டனிலிருந்து:
வணக்கம். வியாழக்கிழமை உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு ஹைபர்நேட் (ஜாவா நிரலைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் கருவி) வகுப்பு. தமிழ்க் குறிப்பு புதனன்று அச்சுக்குப் போக வேண்டும், இந்த ஒரு சொல்லில் நிற்கிறது. தரவுத்தளத்திலிருந்து ஏற்றிய பதிவுகளில் எது மாறியது என்று பார்த்து, அதற்கு மட்டும் அப்டேட் அனுப்பும் வேலை. ‘அழுக்குச் சோதனை’ என்று எழுத மனம் வரவில்லை. ‘ஒப்புச் சோதனை’ போதுமா?

பதுளையிலிருந்து:
சேர், ‘திரிபறிதல்’ என்று வையுங்கள். நன்னூல் விகாரத்தை, அதாவது சொற்கள் சேரும்போது வரும் மாறுதலை, மூன்றாகப் பிரிக்கிறது: தோன்றல், திரிதல், கெடுதல். புதுப் பதிவு சேர்ந்தால் தோன்றல், இருப்பது மாறினால் திரிதல், நீக்கினால் கெடுதல். இன்சேர்ட், அப்டேட், டிலீட் மூன்றுக்கும் பவணந்தியார் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்! ‘மாற்றம்’ பக்கம் போகாதீர்கள். திருவாசகத்தில் மாற்றம் என்றால் சொல். பழைய பொருளைத் தொலைத்த சொல்லின் மேல் புதுக் கலைச்சொல்லைக் கட்டக் கூடாது.

நுவரெலியாவிலிருந்து:
அண்ணே, நன்னூல் பொருத்தம் அருமை, இரண்டு தடவை வாசித்தேன். ஆனால் நம் பிள்ளைகளுக்குத் திரிந்தது என்றால் பால்தான். பரீட்சைக்குப் படித்த விகாரம் வகுப்பில் உடனே ஞாபகம் வராது.

எனக்குப் பெரிய கவலை ‘ஒப்புச் சோதனை’. ஹைபர்நேட் சாதாரணமாகச் செய்வது ஒப்பீடுதான்: ஏற்றும்போதே மதிப்புகளின் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளும், ஃபிளஷ் நேரத்தில், அதாவது மாற்றங்களைத் தரவுத்தளத்துக்கு அனுப்பும்போது, ஒவ்வொரு பதிவின் ஒவ்வொரு புலத்தையும் அதோடு ஒப்பிடும். ஒரு தேயிலைத் தோட்டத்தின் செக்ரோலில் (தொழிலாளர் பதிவேட்டில்) 600 பேரை ஏற்றி, 3 பேரின் கொழுந்துக் கிலோவைத் திருத்தினாலும் 600 பேரையும் பார்க்கும். வேகம் குறைவது அங்கேதான். அதைச் சரிசெய்யும் வழியோ ஒப்பீட்டையே விடுவது. பைட்கோடை, அதாவது தொகுத்த ஜாவா நிரலை, மெருகூட்டினால், புலம் மாறும் கணத்திலேயே பதிவு தன்னைக் குறித்துக்கொள்ளும். வாசிக்க மட்டும் என்று ஏற்றினால் பிரதியே வைக்காது. மைக்ரோசாஃப்டின் இதே வகைக் கருவியான என்டிட்டி ஃபிரேம்வர்க் கோரிலும் இதே கதை: வழக்கமாகப் பிரதியோடு ஒப்பீடு, ‘ஆஸ்நோட்ராக்கிங்’ போட்டால் கண்காணிப்பே இல்லை. பொதுச்சொல்லிலேயே ‘ஒப்பு’ இருந்தால், ‘ஒப்பிடாத ஒப்புச் சோதனை’ என்று எழுத வேண்டி வரும். பிள்ளைகள் குழம்பிப் போவார்கள்.

ஆகவே பொதுவுக்கு ‘மாற்றமறிதல்’. அதற்குள் ‘ஒப்பிட்டறிதல்’, ‘குறித்தறிதல்’ என்று இரண்டு. எது மெதுவானது, ஏன் என்பது பெயரிலேயே தெரியும்.

பண்டாரவளையிலிருந்து:
மாற்றமறிதலுக்கு என் ஆதரவு. ஆனால் வேலைக்குக் கொழும்பு போகிற பிள்ளை நேர்முகத்தில் ‘டேர்ட்டி’ என்றுதான் கேட்கப்போகிறது. அந்த ஒலியையும் பக்கத்திலேயே போடுங்கள்.

பதுளையிலிருந்து:
குறித்தறிதலை ஏற்கிறேன், நல்ல சொல். மாற்றமறிதலை ஏற்கவில்லை. ஆண்டாள் பாட்டிலும் மாற்றம் என்றால் சொல்தான், அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். பாலுக்குப் பயந்து திரிபை விடலாமா?

ஹட்டனிலிருந்து:
நன்றி. நேரமில்லை, மாற்றமறிதல் என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன், ‘டேர்ட்டி செக்கிங்’ பக்கத்திலேயே இருக்கிறது. தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றையும் ஓரத்தில் ஒரு பெட்டிக்குள் போட்டிருக்கிறேன். பதுளை அண்ணன் கோபிக்க வேண்டாம்.