செட்டிநாட்டுப் பெரிய வீடு: கூட்டுக் குடும்பமா, ஏழு குடும்பமா?

முற்றத்துக்காரன்:
லீவுக்குக் காரைக்குடி போயிருந்தேன். அறுபது பேர் ஒண்ணா இருந்த எங்க வீட்டில் இப்ப ஒரு காவல்காரர்தான். சென்னையில் ஆளுக்கொரு ஃபிளாட், ஆளுக்கொரு அடுப்பு. கூட்டுக் குடும்பத்தைத் தொலைச்சது நம்ம தலைமுறைதான்.

இரட்டைவீடு:
அண்ணே, ஆளுக்கொரு அடுப்பு சென்னையில் வந்ததா? கல்யாணமான மகனை 'வேறு வைக்கிறது' நம்ம பழைய வழக்கமாச்சே. ஏனம் (பாத்திரம்), அரிசி, பருப்பு கொடுத்துத் தனிச் சமையல், தனிக் கணக்கு. கோயில் வரிக்கும் அவன் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பமாக் கணக்கு. வளவைச் சுத்தி, அதாவது உள்முற்றத்தைச் சுத்தி, ஒவ்வொரு மகனுக்கும் பூட்டுப் போட்ட அறை. எங்க அப்பத்தா காலத்தில் பின்கட்டில் ஏழு அடுப்பு புகையுமாம். ஆம்பளைங்க பர்மாவிலோ மலாயாவிலோ வட்டிக்கடை வேலையில் மூணு வருஷத் தவணையை முடிச்சுத்தான் ஊர் திரும்புவாங்க. நீங்க சொல்ற ஒரே பந்தி விசேஷ நாளில் மட்டும்தான்.

முற்றத்துக்காரன்:
அடுப்பை வச்சா குடும்பத்தை அளப்பாங்க? ஒருத்திக்குக் காய்ச்சல்னா அடுத்த அடுப்பிலிருந்து கஞ்சி வரும். இங்கே எதிர் ஃபிளாட்டில் யாருன்னே தெரியலை.

கணக்கப்பிள்ளை:
அரசாங்கம் அடுப்பை வச்சுத்தான் அளக்குது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரே சமையலில் சாப்பிடறவங்கதான் ஒரு குடும்பம். அப்படிப் பார்த்தா அந்த அப்பத்தா வீடு அன்னைக்கே ஏழு குடும்பம். 2011-இல் தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்துக்குச் சராசரியா நாலு பேர்கூட இல்லை. பிள்ளைப்பேறு குறைஞ்சதும் அதில் சேர்த்தி. எல்லாப் பழியையும் தனிக்குடித்தனத்து மேல போடாதீங்க.

கோட்டையூர்ப் பொண்ணு:
அடுப்பை எண்ணி முடிச்சாச்சா? அந்த வளவில் மகளுக்கு எந்த அறை? 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டம் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்குன்னு சொல்லுச்சு, ஆனா அதுக்கு முன்னாடி கல்யாணமானவளுக்கு இல்லை. எனக்கு 1987-இல் கல்யாணம், தங்கச்சிக்கு 1991-இல். 1998-இல் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிஞ்சப்போ அவளுக்குப் பங்கு, எனக்கு ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு. 2005-இல் மத்தியச் சட்டம் வந்து, கல்யாணம் எப்ப ஆனாலும் மகளுக்குப் பங்கு உண்டுன்னு சொல்லுச்சு. பழைய பத்திரத்தை அது தொடலை.

முற்றத்துக்காரன்:
ஆச்சி, உங்க வருத்தம் புரியுது. ஆனா பங்கு கூடக்கூட வீடு நிக்காது. எங்க வீட்டுக்கு இப்ப 34 பங்காளி. ஓடு மாத்த எல்லார் கையெழுத்தும் வாங்க ரெண்டு வருஷமா அலையறேன்.

கோட்டையூர்ப் பொண்ணு:
34-இல் பொண்ணுங்க எத்தனை பேர்?

முற்றத்துக்காரன்:
ரெண்டு. அவங்க ரெண்டு பேரும் போட்டுட்டாங்க.