பிஸ்பைரிபாக் களைக்கொல்லி அடித்தும் நெல் வயலில் குதிரைவாலிப் புல் சாகவில்லை, தண்ணீர் வைத்ததில் தவறா?

தேக்கா–நீடாமங்கலம்:
ஊரில் ஒரு ஏக்கர், சேற்றுழவில் முளைகட்டிய விதை நேரடியாக விதைத்தது. இன்று 22ஆம் நாள். 4ஆம் நாள் சேஃப்னர் (நெல்லுக்குப் பாதுகாப்பு தரும் பொருள்) கலந்த பிரிட்டிலாகுளோர், களை முளைக்கும் முன் அடிக்கும் மருந்து, அடித்தாச்சு; பிறகு தண்ணீர் வராமல் வயல் வெடித்துவிட்டது. 18ஆம் நாள் மச்சான் பிஸ்பைரிபாக் 10 சதம், 80 மி.லி. அடித்தார். அப்போது வயலில் நாலு விரல் தண்ணீர். வாய்க்காலில் முறை வைத்து விடும் தண்ணீர் இன்னும் 5 நாளில் வரும். மறுபடி அடிக்கச் சொல்லவா? இங்கே சிங்கப்பூரிலிருந்து போனில்தான் சொல்ல முடியும்.

ஈசூன்:
வேண்டாம் தம்பி, நாலு நாள்தானே ஆகிறது. இந்த மருந்தில் புல் உடனே கருகாது. வளர்ச்சி நிற்கும், குருத்து மஞ்சளாகும், முழுதாகச் சாக இரண்டு வாரம் பிடிக்கும். ஆனால் மருந்து பெரும்பாலும் இலை வழியாகத்தான் உள்ளே போகும். நாலு விரல் தண்ணீரில் மூழ்கிக் கிடந்த சின்னப் புல்லுக்கு அது போய்ச் சேர்ந்திருக்காது. முதல் மருந்து வீணானதற்குத் தண்ணீர் இல்லாததுதான் காரணம். பிரிட்டிலாகுளோர் ஈரமான மண்ணின் மேல் படலமாக நிற்க வேண்டும். வெடிப்பு விட்டால் புல் அந்த வழியாக ஏறிவிடும்.

ஜூரோங்:
அது குதிரைவாலிதானா? வீடியோ காலில் ஒரு தூரைப் பிடுங்கி, இலை தண்டைத் தழுவும் இடத்தை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். நெல்லில் அங்கே மெல்லிய வெள்ளைச் சவ்வும் இரண்டு பக்கமும் முடி முளைத்த காதும் இருக்கும். குதிரைவாலியில் இரண்டும் இராது, மொழுமொழுவென்று இருக்கும். லெப்டோகுளோவா என்ற வேறு புல் என்றால் பிஸ்பைரிபாக் சரியாகக் கேட்காது, சைஹாலோஃபாப் என்ற களைக்கொல்லிதான்.

தேக்கா–நீடாமங்கலம்:
பார்த்துவிட்டேன் அண்ணே. சவ்வு இல்லை, காதும் இல்லை. உயரமான புல்லில் குருத்து வெளிறியிருக்கிறது, குட்டைப் புல் பச்சையாகவே நிற்கிறது.

ஈசூன்:
அப்படியென்றால் உயரமானது தானாகச் சாகும். குட்டையானதுதான் தண்ணீருக்குள் தப்பியது. முறைத் தண்ணீர் வருவதற்குள் அது நாலு இலையைத் தாண்டிவிடும், மறுபடி மருந்து அடிப்பது வீண் செலவு. ஆள் வைத்துக் கையால் எடுக்கச் சொல்லுங்கள், வரப்போரம் முதலில். களை எடுக்காமல் யூரியா போட்டால் புல்தான் தின்னும்.

அடுத்த போகத்தில் வாய்க்கால் முறை என்றைக்கு என்று கேட்டுக்கொண்டு, அதற்கு இரண்டு நாள் முன்னால் பிஸ்பைரிபாக் தெளிப்பை வையுங்கள், புல் 2 முதல் 4 இலையில் இருக்கும்போது. முதல் நாளே தண்ணீரை வடித்து, மண் ஈரமாக மட்டும் இருக்கட்டும். ஏக்கருக்கு 200 லிட்டர், 16 லிட்டர் டேங்குக்கு 6.5 மி.லி., தட்டை விசிறி நாசில். 48 மணி நேரம் கழித்து இரண்டு விரல் தண்ணீர் கட்டி ஒரு வாரம் வடியாமல் பாருங்கள். ஊரில் காலை 7 மணிக்குத் தெளிப்பு என்றால் இங்கே 9.30. தண்ணீர் வடிந்ததா என்று முதல் டேங்க் கலக்கும் முன்னே வீடியோவில் பார்த்துவிடுங்கள்.