லாரி சைலன்சர் சவுண்டு: இழுவை குறையாமல் மாற்றியவர்களின் அனுபவம்

வேலூர், லேலண்ட் 2518:

சைலன்சரை அறுத்துப் போட்டால் வண்டி பிய்த்துக்கொண்டு போகும் என்று சத்துவாச்சாரியில் ஒருவர் சொல்வார், வாணியம்பாடியில் இன்னொருவர் சொல்வார். அறுத்தால் சத்தம் கூடும், அது உறுதி. இழுவை கூடுமா என்பது வேறு கணக்கு. என் வண்டியில் சவுண்டை மாற்றியும் இழுவை குறையவில்லை. எப்படி என்று எழுதுகிறேன். நீங்களும் உங்கள் வண்டியில் பார்த்ததைச் சொல்லுங்கள்.

வண்டி ஆறு சிலிண்டர் டர்போ (புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி), பிஎஸ்3 என்கிற பழைய புகைக் கட்டுப்பாட்டு அளவில் வந்தது. பேரில் இருக்கிறபடி 25 டன், 180 குதிரைத்திறன். நான் வாங்கியபோதே கம்பெனி சைலன்சர் இல்லை. யாரோ மாட்டியிருந்த மட்டமான ஒன்று தகரத்தைத் தேய்ப்பது போலக் கத்திக்கொண்டிருந்தது. சத்தம் பெரிதாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கரகரப்பு போய், அடியிலிருந்து வரும் கனமான ஓசை நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

பட்டறையில் மேஸ்திரி முதலில் சைலன்சரைத் தொடவே இல்லை. இன்ஜினிலிருந்து புகை முதலில் வந்து சேரும் மேனிஃபோல்டிலிருந்து டர்போ வரை டார்ச் அடித்துப் பார்த்தார். இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் தகட்டின் ஓரத்தில் கரி படிந்திருந்தது, அதை இறுக்கும் ஒரு ஸ்டட் தளர்ந்து கிடந்தது. "இங்க காஸ் கசியுது. இதை விட்டுட்டுப் பின்னாடி என்ன மாட்டினாலும் பிரயோஜனம் இல்ல" என்றார். நூற்றுக்கு நூறு சரி. டர்போவைச் சுற்றுவதே அந்தப் புகையின் அழுத்தமும் சூடும்தான். டர்போவுக்கு முன்னால் கசிந்தால் காற்று குறையும், மேட்டில் கரும்புகை தள்ளும், இழுவை போகும். கேஸ்கெட் மாற்றி ஸ்டட்டை முறுக்கியதுமே கரகரப்பில் பாதி போய்விட்டது. பலர் சைலன்சர் கோளாறு என்று நினைப்பது இந்தக் கசிவைத்தான்.

டர்போவுக்குப் பின்னால் கணக்கு மாறும். "இன்ஜினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும்" என்று நம் ஊரில் அடிக்கடி கேட்கலாம்; அதாவது, வெளியேறும் புகைக்கு எதிரே கொஞ்சம் அழுத்தம் நிற்க வேண்டுமாம். டர்போ டீசலுக்கு அது பொருந்தாது. டர்போவுக்குள் புகை சுற்றும் சக்கரமான டர்பைனுக்கு முன்னால் அழுத்தம் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் இருந்தால்தான் அது நன்றாகச் சுற்றும். ஆகவே பின்பக்க அடைப்பைக் குறைப்பதில் தப்பில்லை. ஆனால் கம்பெனி போட்ட குழாயின் விட்டமே அந்த இன்ஜினுக்குப் போதும். அதைவிடப் பெரிதாகப் போட்டால் இழுவை வராது, இரைச்சல்தான் வரும்.

சைலன்சரில் பொதுவாக இரண்டு விதம். ஒன்று, உள்ளே அறை அறையாகத் தடுத்து, புகையைத் திருப்பித் திருப்பி விடுவது. அடி ஓசையைக்கூட அது அமுக்கிவிடும், ஆனால் ஓட்டத்தைக் கொஞ்சம் தடுக்கும். இன்னொன்று நேர்க்குழாய். நடுவில் துளை போட்ட குழாய், அதைச் சுற்றி கிளாஸ் உல் என்கிற கண்ணாடிப் பஞ்சு, வெளியே கூடு. புகை நேராகப் போவதால் தடை மிகக் குறைவு. பஞ்சு கூரான ஓசையைத்தான் அதிகம் உறிஞ்சும், அடி ஓசையை விட்டுவிடும். எனக்கு வேண்டியது இதுதான். நீளமான கூடாகப் போட்டோம். நீளம் கூடினால் கரகரப்பு இன்னும் குறையும், தடை பெரிதாக ஏறாது.

வளைவுகளில் கவனம் வேண்டும். குழாயை அப்படியே அமுக்கி வளைத்தால் உள்வட்டம் சப்பிப் போகும், அங்கேயே ஓட்டம் அடைபடும். மேஸ்திரி குழாய்க்குள் மணலைக் கெட்டித்து இரண்டு பக்கமும் அடைத்து, சூடு காட்டி மெதுவாக வளைத்தார். வேலை இழுத்தது, ஆனால் வளைவு உருண்டையாகவே நின்றது.

அப்புறம் ஒரு தொல்லை வந்தது. பைபாஸில் 1500 ஆர்பிஎம் வாக்கில் கேபினுக்குள் 'ம்ம்ம்' என்று ஒரே அதிர்வு, காது அடைத்தது. நான்கு ஸ்ட்ரோக் ஆறு சிலிண்டர் ஒரு சுற்றுக்கு மூன்று முறை வெடிக்கும். 1500 சுற்றில் நிமிடத்துக்கு 4500, நொடிக்கு 75. அந்த 75-ஐ மட்டும் அடக்க, மெயின் குழாயிலிருந்து முனை அடைத்த ஒரு கிளைக்குழாயை எடுத்து சேஸிஸ் ஓரமாக விட்டோம். உள்ளே போன ஓசை முனையில் முட்டி எதிர்மாறாகத் திரும்பி வந்து முதல் ஓசையை அழிக்கும். சுமார் 300 டிகிரி சூட்டில் ஓசை நொடிக்கு ஏறக்குறைய 480 மீட்டர் போகும். அதை 75-இன் நான்கு மடங்கால் வகுத்தால் 1.6 மீட்டர். கிளைக்குள் புகை ஓடாததால் அங்கே சூடு குறைவு, ஆகவே கடைசியில் கொஞ்சம் குட்டையாகத்தான் சரிவந்தது. முனையை நகர்த்தி நகர்த்தி, ஓட்டிப் பார்த்து, பிறகு வெல்டிங் வைத்தோம். ஓட்டத்தின் வழியில் எதுவும் குறுக்கே வராததால் இதனால் இழுவை போகாது.

சோதிக்க எனக்குப் பழகிய மேடு பேரணாம்பட்டு – வி.கோட்டா மலைப்பாதை. அதே அளவு லோடு, அதே கியர். முன்பு எந்த வளைவில் கியர் இறக்கினேனோ அங்கேதான் இப்போதும் இறக்குகிறேன். ஹீட் மீட்டர் முள்ளும் பழைய இடத்தில்தான் நிற்கிறது, டீசல் கணக்கிலும் மாற்றம் இல்லை.

பேரணாம்பட்டு, தக்காளி லோடு டிரைவர்:

அண்ணே, அதே மலையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வி.கோட்டாவிலிருந்து இறங்கும்போது முன்னால் ஒரு லாரி. வளைவுக்கு வளைவு பிரேக் விளக்கு எரிகிறது, டிரம் காய்ந்த வாடை என் கேபின் வரை வருகிறது. கீழே நிறுத்தியதும் அந்த டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன். சவுண்டுக்காகக் குழாயை மாற்றிய இடத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் வால்வையும் சேர்த்துக் கழற்றிவிட்டார்களாம். அவருக்கே அது தெரியாது, ஓனர் செய்த வேலை.

அந்த வால்வு குழாயை மூடினால்தான் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தும். வால்வுக்கு முன்னால் கசிவு இருந்தாலும் அந்தப் பிடி தளரும். ஏறும்போது இழுவையைப் பார்க்கிறோம், சரி. இறங்கும்போது பிடிக்கிறதா என்று பார்க்காமல் பட்டறையை விட்டு வண்டியை எடுக்கவே கூடாது. லோடோடு மலை இறங்குகிறவன் உயிர் அந்த வால்வில் இருக்கிறது. ஓனர்மார்களே, குழாயில் கை வைத்தால் தயவுசெய்து டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஆற்காடு, பழைய டாடா 407:

எங்களுடையது டர்போ இல்லாத நான்கு சிலிண்டர். மேலே சொன்னது இதற்கு அப்படியே பொருந்தாது. என் மச்சான் அவருடைய 407-இல் 2 அங்குலக் குழாயை எடுத்துவிட்டு 3 அங்குலம் போட்டார். ஒன்றரை மடங்கு என்று தோன்றும், ஆனால் புகை போகும் வாய்ப் பரப்பு 2.25 மடங்கு. புகையின் வேகம் விழுந்துவிட்டது. ஒரு சிலிண்டரிலிருந்து வேகமாக வெளியேறும் புகைதான் அடுத்ததைக் கொஞ்சம் இழுத்து விடும், அந்த உதவி போனது. ரைஸ் மில்லிலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது முதல் கியரில் மந்தம் தெரிந்தது. பழைய அளவுக்குத் திரும்பி, கடைசிப் பகுதியில் மட்டும் நேர்க்குழாய் சைலன்சர் வைத்தார். இப்போது ஓசையும் பதமாக இருக்கிறது, கிளம்புவதும் பழையபடி.

வைக்கோல் ஏற்றுகிறவர்களுக்கு இன்னொன்று. சைலன்சர் இல்லாத குழாயிலிருந்து எரிகிற கரித்துகள் நேராக வெளியே தெறிக்கும். அறுவடைக் காலத்தில் அந்த ஆபத்து வேண்டவே வேண்டாம்.

ராணிப்பேட்டை, சிப்காட் லோடு:

பிஎஸ்6 வண்டிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு பட்டறைக்கு ஓடாதீர்கள். 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த வண்டிகளில் சைலன்சர் மாதிரித் தெரிகிற பெட்டிக்குள் புகையைச் சுத்தம் செய்கிற அமைப்பு இருக்கிறது. நாம் யூரியா ஊற்றுவது அதற்குத்தான். முன்னும் பின்னும் சென்சார். எங்கள் யார்டுக்கு வந்த ஒரு வண்டியில் அதை அறுத்திருந்தார்கள். மீட்டரில் விளக்கு எரிந்தது, கம்ப்யூட்டர் இன்ஜின் பலத்தைக் குறைத்துவிட்டது, மேட்டில் நடை வேகம்தான். சவுண்டுக்கு ஆசைப்பட்டு இழுவையை விட்டதற்கு இதைவிட நேரான உதாரணம் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஓனர் செய்யும் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும். ஒலி, புகை அளவை மீறினால் முதல் தடவையே 10,000 வரை போகும், லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும். அதனால் வேலை தொடங்கும் முன்பே ஆர்டிஓ ஆபீசில் கேட்டுக்கொள்வது நல்லது. வேலூரில் சிஎம்சி ஆஸ்பத்திரி வாசல் வழியாகப் போகிற வண்டிகள் எத்தனை. ஆஸ்பத்திரியைச் சுற்றி குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி சொல்கிறது. உள்ளே படுத்திருப்பவர்களுக்கு நம் வண்டியின் கம்பீரம் எதற்கு?

வேலூர், லேலண்ட் 2518:

ராணிப்பேட்டை அண்ணன் சொன்னதை முழுதாக ஏற்கிறேன். ஆர்டிஓ வாசலை மிதித்துவிட்டே எல்லோரும் தொடங்குங்கள். பஞ்சு எவ்வளவு நாள் தாங்கும் என்று தனியாகக் கேட்டவருக்கு: டீசல் கரி படிந்து அது மெல்ல இறுகும், சூட்டில் உதிரவும் செய்யும். கரகரப்பு திரும்பத் தலைகாட்டினால் பஞ்சு போய்விட்டது என்று அர்த்தம். அதனால் கூட்டின் ஒரு மூடியை வெல்டிங் வைக்காமல் போல்ட் போட்டு வைக்கச் சொல்லுங்கள், திறந்து புதிதாக அடைத்துக்கொள்ளலாம். குழாய் போகிற வழியில் பிரேக் காற்றுக் குழாய், ஒயரிங், டீசல் டேங்க் எதுவும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.