லவாய்சியர் தலை வெட்டுனப்புறமும் கண்ணு சிமிட்டுனாராமே, நெசமா?

ராத்திரி ஆந்தை:
வீட்ல பிளஸ் ஒன் பசங்களுக்கு கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்குறேன். நேத்து பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியரோட பொருண்மை அழியா விதி (வேதிவினைல மொத்த எடை மாறாதுங்கறது) நடத்தும்போது ஒருத்தன் எந்திரிச்சு, சார் லவாய்சியர் தலைய வெட்டுனப்புறமும் கண்ணு சிமிட்டிக்கிட்டே இருந்தாராமே, அதுவும் ஒரு எக்ஸ்பெரிமெண்ட்டாமேன்னு கேட்டான். யூட்யூப்ல பாத்தானாம். நான் திருதிருன்னு முழிச்சேன். அது போக ஆக்சிஜன் கண்டுபிடிச்சது பிரீஸ்ட்லின்னு ஒரு புக்கு, ஷீலேன்னு இன்னொரு புக்கு. அப்ப இவரு என்னதான் பண்ணாரு?

பழைய பிப்பெட்:
கண் சிமிட்டுனது கப்சா. அந்தக் காலத்து ஆளுங்க யாரும் அப்படி எழுதி வைக்கல. 1794 மே 8, பிரெஞ்சுப் புரட்சி சமயம், பாரிஸ்ல அவரோட சேத்து 28 வரி குத்தகைக்காரங்கள (ராஜாவுக்காக வரி வசூல் பண்ணவங்க) வரிசையா வெட்டுனாங்க, அதுல அவரு மாமனாரும் ஒருத்தர், இதுல எங்கேருந்து எக்ஸ்பெரிமெண்ட்.

ஆக்சிஜன் மேட்டர் இதுதான். 1774 அக்டோபர்ல பிரீஸ்ட்லி பாரிஸ் வந்து லவாய்சியர் வீட்ல விருந்து சாப்பிடும்போது, பாதரசத்தோட செவப்புப் பொடிய சூடாக்குனா ஒரு காத்து வருது, அதுல மெழுகுவத்தி ஜோரா எரியுதுன்னு வெகுளியா சொல்லிட்டாரு. லவாய்சியர் அதுக்கப்புறம் பாதரசத்த மூடுன பாத்திரத்துல 12 நாள் விடாம சூடு பண்ணாரு, மேல செவப்பா பொடி படிஞ்சுது, 50 கன அங்குலம் இருந்த காத்து 42க்கு வந்துருச்சு. மிச்ச காத்துல எலி மூச்சுத் திணறி செத்துச்சு. அந்தப் பொடிய தனியா எடுத்து இன்னும் பலமா சூடு பண்ணா கொறஞ்ச காத்து அப்படியே திரும்ப வருது, அதுதான் ஆக்சிஜன்! பிரீஸ்ட்லி கடைசி வரைக்கும் ஃப்ளோஜிஸ்டன்னே (எரியும்போது பொருள்லேருந்து ஒண்ணு வெளிய போகுதுன்னு சொன்ன பழைய கொள்கை) சொல்லிட்டுப் போய்ச் சேந்தாரு, இவருதான் கணக்கு போட்டு அத ஒழிச்சாரு. ஆனா பிரீஸ்ட்லி பேர ஒழுங்கா சொல்லல, அது எனக்கு இன்னிக்கும் புடிக்காது.

உப்புக்கல்லு:
எல்லாரும் அவர தியாகி ஆக்கிடுறீங்க. 1768லயே ராஜாவுக்கு வரி வசூல் பண்ற கம்பெனில பங்கு வாங்குன ஆளு, உப்புக்கும் புகையிலைக்கும் ஜனங்ககிட்ட கறந்த காசு. கடத்தல தடுக்க பாரிஸ சுத்தி செவுரு கட்டணும்னு யோசனை சொன்னவரே இவருதான், ஊரே திட்டுச்சு. லேப்ல இருந்த அந்த ஒசத்தி தராசெல்லாம் எந்தக் காசு? அதே காசுதான் கழுத்துக்கும் வந்துச்சு. புரட்சித் தலைவர் மராட் பழி வாங்குனான்னு வேற ஒரு கதை ஓடுது, மராட் 1793லயே செத்தாச்சு பாஸ்.

மைக்கூடு:
அவங்க வீட்டம்மா மரி ஆன் பத்தி யாருமே சொல்லலியே? 13 வயசுல கல்யாணம். புருஷனுக்காக இங்கிலீஷ் கத்துக்கிட்டு ஃப்ளோஜிஸ்டன் ஆளுங்க எழுதுன புக்க பிரெஞ்சுல மொழிபெயர்த்தாங்க, 1789ல வந்த அவரு புக்குல படமெல்லாம் இவங்க வரைஞ்சதுதான். ஒரே நாள்ல அப்பாவும் போயி புருஷனும் போயி நின்னாங்க பாவம். ஓவியர் டேவிட் வரைஞ்ச இவங்க ஜோடிப் படம் நியூயார்க் மியூசியத்துல இருக்கு, மேஜை மேல கண்ணாடிக் கருவியா நிக்கும். 2021ல பெயிண்ட்டுக்கு அடில என்னன்னு ஸ்கேன் பண்ணிப் பாத்தா, மொதல்ல வரைஞ்சப்போ அந்தக் கருவி ஒண்ணுமே இல்ல, அம்மா தலைல பூ வெச்ச பெரிய தொப்பியோட பணக்கார ஜோடியா இருந்துருக்காங்க.

ராத்திரி ஆந்தை:
உப்புக்கல்லு சொன்ன பணக்கார ஆளு பெயிண்ட்டுக்கு அடில இருந்தாருன்னு சொல்லுங்க 😄 ரொம்ப தேங்க்ஸ். நாளைக்கு பாதரசக் கதை சொல்லப் போறேன், அந்தப் பய எலியப் பத்திதான் கேப்பான்.