டிஜிட்டல் புராடக்ட் பாஸ்போர்ட்டுக்குத் தமிழில் என்ன? (வியாழனுக்குள் வேண்டும்)

வணக்கம். ஏற்றுமதித் தையல் வகுப்புக்கான கையேட்டை வியாழக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். 'டிஜிட்டல் புராடக்ட் பாஸ்போர்ட்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் வருவது. துணியும் முதல் வரிசையில் இருக்கிறது. எந்த நூல், எந்தச் சாயப்பட்டறை, மறுசுழற்சிக்கு ஆகுமா போன்ற தரவெல்லாம் சட்டையோடேயே போக வேண்டும் என்பது திட்டம். லேபிளை ஸ்கேன் செய்தால் தெரியும். என் மாணவிகள் காஜா எடுத்து, ஓவர்லாக் போடுகிறவர்கள். அவர்கள் வாயில் நுழைகிற சொல்லாகப் பாருங்கள்.
– பழைய வண்ணாரப்பேட்டை

அக்கா, இதிலென்ன சிக்கல்? 'எண்ணிமப் பொருட் கடவுச்சீட்டு'. முடிந்தது.
– பெரம்பூர்

முடியவில்லை தம்பி. கடவுச்சீட்டு எல்லையைக் கடக்க. இதுவோ சட்டை கந்தலாகிப் பிரிக்கிற இடம்வரை வேலை செய்ய வேண்டும். பட்டினப்பாலையில் புகார்த் துறைமுகத்துச் சுங்கத்தார் சோழரின் புலி முத்திரை இட்டு, சரக்கைப் 'புலி பொறித்துப் புறம் போக்கி' வைக்கவில்லையா? 'பொறியோலை' என்று வையுங்கள். பொறி, பொறிப்பு, பொறியியல், ஐம்பொறி நான்குக்கும் வேர் ஒன்றே. நான்கு பக்கம் தனியே அனுப்புகிறேன்.
– திருவொற்றியூர்

ஐயா, அந்தப் புலியும் எல்லை கடக்கத்தானே?
– பெரம்பூர்

புகார்த் துறைமுகம்வரை ஏன் போக வேண்டும்? கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் துணி வெளுக்க ஆள் குடியமர்த்திய வண்ணாரப்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. வெளுக்கப் போகும் துணியில் சேங்கொட்டைச் சாற்றால் புள்ளியும் கோடும் போடுவார்கள். எத்தனை வெள்ளாவி வைத்தாலும் அழியாது. எந்த வீட்டுத் துணி என்று சொல்லிவிடும். 'வண்ணான் குறி' என்று நம்மிடம் சொல்லே இருக்கிறது.
– ராயபுரம்

அந்த வீட்டுப் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். சாதிப் பெயரை நான் அச்சில் போட மாட்டேன். 'சலவைக்குறி' என்று மாற்றலாம் என்றால், வாஷ்கேர் லேபிளுக்கு அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.
– பழைய வண்ணாரப்பேட்டை

குறி சட்டையில் இருப்பது. தரவு வேறெங்கோ இருப்பது. இரண்டையும் குழப்பாதீர்கள். 2013இல் டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் செத்தார்கள். எந்த பிராண்டுக்குத் தைத்தார்கள் என்று காட்ட இடிபாட்டில் லேபிள் பொறுக்க வேண்டியிருந்தது. லேபிளில் பிராண்டின் பெயர் இருந்தது. எந்தக் கட்டடத்தில் தைத்தது என்பது எந்த லேபிளிலும் இல்லை. நாம் பெயர் தேடுவது அந்த இல்லாத பாதிக்கு.
– வியாசர்பாடி

சரி. நேற்று வகுப்பிலேயே கேட்டுவிட்டேன். ஒரு பிள்ளை "துணி ஜாதகம், மிஸ்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் மணி அடிக்கும்வரை எல்லாரும் அதையேதான் சொன்னார்கள்.
– பழைய வண்ணாரப்பேட்டை

ஜாதகம் வடசொல். தவிர, அது நடக்கப்போவதைச் சொல்வது. இது நடந்ததைச் சொல்வது. 'பிறப்போலை' என்றாவது வையுங்கள்.
– திருவொற்றியூர்

பிறந்த ஊர், நேரம், தாய் தகப்பன் எல்லாம் ஜாதகத்தில் இருக்கிறதே ஐயா. பொருந்தாததைப் பொருந்த எழுதிக் கொடுக்கிற ஆட்களும் உண்டு. சாயப்பட்டறைக்காரர் தண்ணீர்க் கணக்கைப் பொய்யாகக் கொடுத்தால் லேபிளும் அந்தப் பொய்யைத்தானே சொல்லும்? அந்த வகையிலும் சொல் பொருத்தம்.
– ராயபுரம்

எனக்கும் ஜாதகம் சரி. தூக்கம் வருகிறது.
– பெரம்பூர்

அச்சுக்குக் கொடுத்தாயிற்று. தலைப்பில் 'துணிச் சாதகம்'. ஐயாவுக்காக ஜ-வை எடுத்துவிட்டேன். முதல் பக்கத்தில் மட்டும் அடைப்புக்குள் 'பொருள் கடவுச்சீட்டு'.
– பழைய வண்ணாரப்பேட்டை

சாதகம் என்றால் அனுகூலம் என்றல்லவா படிப்பார்கள்! துணிக்கு யார் சாதகம்? என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். நான்கு பக்கம் ஏழாகிவிட்டது, இணைத்திருக்கிறேன்.
– திருவொற்றியூர்