மழையில் நனைந்து பூசணம் பிடித்த தோல் பைகளை மீட்க முடியுமா?

திருவான்மியூர்வாசி:

வணக்கம். என் புல்லட்டின் இருபுறமும் தொங்கும் தோல் பைகளைப் பற்றிய சந்தேகம் இது. வண்டியைப் பழையதாக வாங்கியபோதே பைகளும் அதனுடன் வந்தன. செம்பழுப்பு நிறம், கனமான தோல், இரும்பு பக்கிள்கள். வீடு கடற்கரைக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் உப்புக்காற்று படுகிறது. ஐப்பசியில் புதுச்சேரியிலிருந்து திரும்பும்போது மரக்காணத்திலிருந்து வீடு வரை மழையில் நனைந்தேன். வந்ததும் பைகளைப் பாத்திரம் துலக்கும் திரவத்தால் கழுவி, மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, அவை விறைத்துப்போனதைக் கண்டு தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவினேன்.

இப்போது உள்ளும் புறமும் வெண்படலம் படிந்திருக்கிறது. மூடியின் மடிப்பில் நுண்ணிய வெடிப்புகள் தெரிகின்றன, பக்கிள்களைச் சுற்றிக் கருங்கறை பரவியுள்ளது, ஒரு வாரின் தையலும் விட்டுப்போயிற்று. கடைக்காரர் ஒருவர் கறுப்பு ஷூ பாலிஷ் போட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்றார். எனக்கு அந்தப் பைகள் இன்னும் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்பதால், பாலிஷ் டப்பாவைத் திறக்காமல் இங்கே கேட்கிறேன்.

ஈசிஆர் பயணி:

முதலில் அது உண்மையான தோல்தானா என்று பார்த்துவிடுங்கள் நண்பரே. வாரின் வெட்டிய ஓரத்தை உற்றுப் பாருங்கள்: நார் நாராகத் தெரிந்தால் தோல், துணியின் மேல் மெல்லிய படலம் ஒட்டியதுபோல் தெரிந்தால் ரெக்சின். ரெக்சின் உரியத் தொடங்கிவிட்டால் எந்த எண்ணெயாலும் பயனில்லை. தோல் என்றால், மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அது உள்ளே இறங்கிக் கருத்தால் மேற்பூச்சு இல்லாத தோல். முத்துபோல் நின்றால் மேலே வண்ணப்பூச்சு இருக்கிறது, அதற்குள் எண்ணெயும் மெழுகும் எளிதில் இறங்கமாட்டா.

பேரணாம்பட்டுக்காரர்:

தம்பி, பதனிடும் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்; அவசரப்பட்டு எதையும் தடவாதீர்கள். நீங்கள் சொல்லும் நிறத்தையும் கனத்தையும் வைத்துப் பார்த்தால் அது மரப்பட்டையால் பதனிட்ட தோலாக இருக்கலாம். நம் பக்கத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் ஒன்று உண்டு. குரோம் உப்பால் பதனிடும் முறை வந்த பிறகும் வார், சேணம், பை போன்றவற்றுக்குப் பட்டைத் தோலையே பலர் விரும்புகிறார்கள்.

உங்கள் கருங்கறைக்கும் இதுவே காரணமாகலாம். நம் முன்னோர் கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து மை காய்ச்சினார்கள் அல்லவா? தோலிலுள்ள துவர்ப்புச் சத்தும் பக்கிளின் இரும்புத் துருவும் மழைநீரில் கலக்கும்போது அதே மைதான் உண்டாகிறது. துருவை நீக்கிப் பக்கிளைப் பித்தளையாக மாற்றினால் கறை மேலும் பரவாது. பழைய கறையை எலுமிச்சையால் தேய்த்து எடுக்க முயலாதீர்கள், வெடித்த தோலுக்கு அமிலம் மேலும் கேடு செய்யும். என் கண்ணுக்கு அந்தக் கறை ஓர் அழகுக் குறையாகவும் தெரியவில்லை.

பாத்திரம் துலக்கும் திரவம் அழுக்கோடு சேர்த்துத் தோலுக்குள் இருந்த கொழுப்பையும் எடுத்துவிட்டது. வெயில் அதைவிடப் பெரிய தவறு. பட்டையால் பதனிட்ட நல்ல தோலே நீரில் ஊறிய நிலையில் 70 முதல் 85 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுருங்கத் தொடங்கும். பழையதாகிச் சிதைந்த தோலோ அதற்கும் வெகு குறைவான வெப்பத்திலேயே சுருங்கிவிடும். சைலன்சரை ஒட்டித் தொங்கும் பைக்கும் இந்த ஆபத்து உண்டு, ஆகவே இடையில் கம்பிச் சட்டம் வைத்து இடைவெளி விடுங்கள்.

இனி வெண்படலத்துக்கு வருவோம். அது பூசணமாகவும் இருக்கலாம், உப்பாகவும் இருக்கலாம், மேலே வந்து உறைந்த கொழுப்பாகவும் இருக்கலாம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உறைவதால் மழைக்கால விடியலில் அது வெள்ளையாகத் தெரியும். முடி உலர்த்தும் கருவியின் மிதமான காற்றைக் காட்டுங்கள்: கொழுப்பு உருகி மறையும். ஈரத்துணியால் துடைத்ததும் மறைந்து, காய்ந்ததும் மீண்டும் பூத்தால் உப்பு. இரண்டுக்கும் அசையாமல், மக்கிய வாடை வீசினால் பூசணம்.

அதற்கு முன் உலர்ந்த விரலால் வெடிப்பைத் தேய்த்துப் பாருங்கள். செந்தூள் ஒட்டினால் தோலின் நார்களே மட்கத் தொடங்கிவிட்டன என்று பொருள். அதன் மேல் தண்ணீரே படக்கூடாது.

திருவான்மியூர்வாசி:

மிக்க நன்றி ஐயா. வெட்டிய ஓரத்தில் நார் தெரிகிறது, தண்ணீர்ச் சொட்டு உள்ளே இறங்கியது, செந்தூள் ஒட்டவில்லை. வெளிப்புற வெண்மை சூடான காற்றில் உருகி மறைந்தது. உட்புறத்தில் இருப்பது அசையவில்லை, வாடையும் வீசுகிறது. அடுத்து என்ன செய்யட்டும்?

பேரணாம்பட்டுக்காரர்:

அப்படியானால் வெளியே இருப்பது நீங்கள் தடவிய எண்ணெய், உள்ளே இருப்பது பூசணம். முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே வைத்து, மென்மையான உலர்ந்த தூரிகையால் பூசணத்தைத் தட்டிவிடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியை அதில் நனைத்து நன்றாகப் பிழிந்து துடையுங்கள். நிறம் இறங்குகிறதா என்று முதலில் ஒரு மூலையில் சோதித்துக்கொள்ளுங்கள். வெளிப்புறத்தில் வாசனை சேர்க்காத டால்க் பவுடரைத் தூவி, ஓர் இரவு விட்டு, மறுநாள் துலக்கினால் மிகுந்த எண்ணெயை அது உறிஞ்சியிருக்கும். பிறகு மூடியைத் திறந்து வைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள்கள் உலரவிடுங்கள். ஈரம் உள்ளே இருக்கும்போது எண்ணெய் தடவினால் பூசணத்துக்கு விருந்து வைத்ததுபோல் ஆகிவிடும்.

நன்றாக உலர்ந்த பின் ஒரு பைக்கு ஒரு தேக்கரண்டி நீட்ஸ்ஃபுட் எண்ணெய் போதும். மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கப்படும் அந்த எண்ணெயைப் பெரியமேட்டில் தோல் பொருள் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மறுநாளும் விறைப்பாக இருந்தால் மட்டும் இன்னொரு தேக்கரண்டி. கடைசியாகத் தேன்மெழுகு: ஒரு பங்கு மெழுகுக்கு இரண்டு பங்கு அதே எண்ணெய் எடுத்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, ஆறிய களிம்பை மிக மெல்லியதாகத் தேய்த்து, துணியால் மெருகேற்றுங்கள். தையல் துளைகளில் சற்றுக் கூடுதலாக வையுங்கள், ஏனெனில் மழை உள்ளே நுழையும் வழி அதுதான். மெழுகு தண்ணீரைத் தாமதப்படுத்துமே தவிர அடைமழையைத் தடுக்காது, அதற்கு மேலுறைதான் வேண்டும். வெடிப்புகள் ஒன்றுசேரமாட்டா, பெருகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

ஈசிஆர் பயணி:

விட்டுப்போன தையலுக்கு ஒரு சொல். செருப்பு தைப்பவரிடம் கொடுக்கும்போது மெழுகிட்ட நைலான் நூலால் பழைய துளைகளிலேயே கையால் தைக்கச் சொல்லுங்கள். புதுத் துளை போட்டால் வார் அந்த வரிசையிலேயே கிழிந்துவிடும்.

திருவான்மியூர்வாசி:

மூன்று வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். வாடை போய்விட்டது, பூசணம் திரும்பவில்லை. ஒரு பைக்கு ஒரு தேக்கரண்டியே போதுமாயிற்று. மடிப்பு இப்போது வளைகிறது, வெடிப்பு நீளவில்லை. வாரைத் தைத்தாயிற்று, பித்தளை பக்கிள்களும் மாற்றிவிட்டேன். பைகளை முன்பு பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்திருந்தேன், இப்போது பருத்தித் துணியால் மூடிக் காற்றோட்டமான அறையில் வைத்திருக்கிறேன். மெழுகை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் ஐயா?

பேரணாம்பட்டுக்காரர்:

மாதக் கணக்கு வேண்டாம், தம்பி. தண்ணீர்ச் சொட்டு முத்துபோல் நிற்காமல் உள்ளே இறங்கும் நாளில் புதுப்பியுங்கள். உப்புக்காற்றில் இருப்பதால், ஒவ்வொரு கடற்கரைப் பயணத்துக்குப் பின்னும் பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். புரட்டாசி முடிவதற்குள் ஒருமுறை கட்டாயம் பார்த்துவிடுங்கள்.